முழங்கால் உயரத்தில் ஒரு கொடி ரோஜா

அண்ணா,

நனைந்த தேங்காய் நாரின் வாசனை உங்களுக்குப் பிடிக்காது. மீன் கூடை மாதிரி இருக்கிறது என்பீர்கள். நேற்று குன்னூர் கடைவீதியில் வாங்கி வந்த கயிற்றை இன்று காலை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டேன். ஊறினால்தான் முடிச்சு இறுகும், கிளையையும் அறுக்காது. கை முழுவதும் அந்த வாசனை. கழுவாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கொடி ரோஜாவை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. ஆடிக் காற்றில் மூன்று கிளைகள் மூங்கிலை விட்டு விலகி, உங்கள் பக்கத்து ஜன்னலில் உரசிக்கொண்டிருந்தன. உங்கள் பக்கம் என்றே இன்னும் சொல்கிறேன். அங்கே இப்போது தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் வேலை பார்க்கிற ஒருவர் மனைவியோடும் ஒரு சின்னப் பெண்ணோடும் இருக்கிறார். ஜன்னல் கண்ணாடியில் முள் கீறுகிற சத்தத்தில் குழந்தை விழித்துக்கொள்கிறது என்றார். அதனால் கயிறு. அதனால் இந்தக் கடிதம்.

நான் இந்த எஸ்டேட்டுக்கு வந்த அன்று நீங்கள் வாசலில் குந்தி, கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் ஆபீஸுக்குப் புது கிளார்க். சென்னையில் பி.ஏ. படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் வந்தவன். கையில் ஒரு தகரப் பெட்டி. நீங்கள் எழுந்து வந்து அதன் மறுமுனையைத் தூக்கினீர்கள்.

"ஏனுங்க, கல்லுங்களா?"

"புத்தகம்."

"அத்தனையும் படிச்சாச்சுங்களா?"

"பாதி படிச்சிருக்கேன்."

"அப்பப் படிச்ச பாதியக் கீழயே உட்டுட்டு வந்துருக்கலாமுங்க. மலையல்லொ ஏறி வந்துருக்கறீங்க."

அன்றிலிருந்து உங்களுக்கு நான் பி.ஏ. என் பெயரை நீங்கள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

ஒரே தகரக் கூரை. நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். முன்னால் இருவருக்கும் பொதுவாக ஒரு கட்டில் அகலத்துக்கு மண். மற்ற வீடுகளில் அந்த மண்ணில் பீன்ஸும் உருளைக்கிழங்கும் போட்டிருந்தார்கள். நம் வாசலில் ஒன்றும் இல்லை.

நீங்கள் கவாத்து மேஸ்திரி. முப்பது ஆட்களை வைத்துக்கொண்டு, வயதான தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி நிறுத்துவது உங்கள் வேலை. வெட்டு சாய்வாக இருக்க வேண்டும், மழைத் தண்ணீர் நிற்கக் கூடாது. செடியின் தலை மேசை போல மட்டமாக இருக்க வேண்டும். வெட்டி முடித்த செடியின் மேல் முன்னங்கையை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவீர்கள். எங்காவது இடித்தால் வெட்டியவனுக்கு அன்று பேச்சு. எங்காவது ஒரு தேயிலைச் செடி வெள்ளையாகப் பூத்திருந்தால் உங்களுக்கு முகம் சுருங்கும். பூத்த தேயிலை கவனிக்க ஆள் இல்லாத தேயிலை. "பூவப் பாத்தா எனக்குக் கை அரிக்குதுங்க" என்பீர்கள்.

அந்தக் கைதான் ரோஜாவை நட்டது.

அண்ணி ஒரே ஒரு தடவை மலைக்கு வந்திருந்தார். நான் வருவதற்கு முந்தைய வருடம். ஆனி மாத மழை. அன்னூர்ப் பக்கத்து வெயிலில் பிறந்தவர். பன்னிரண்டு நாட்களில் காய்ச்சலும் இருமலுமாகத் திரும்பிப் போய்விட்டார். போகும்போது சொன்னதை நீங்கள் எனக்கு அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினீர்கள். "தொவச்ச துணி காயறதில்ல. வாசல்ல ஒரு பூவு இல்ல. பாக்கற பக்கமெல்லாம் நீங்க வெட்டுன கட்டை. இந்த ஊட்டு முன்னால என்னைக்கு ஒண்ணு பூக்குதோ அன்னைக்குக் காயிதம் போடுங்க, வர்றேன்."

கோபத்தில் சொன்னது. நீங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டீர்கள். மனைவி வர ஒரு பூ வேண்டும். சரி, ஒரு பூச்செடி நடலாம்.

எஸ்டேட் மேனேஜர் துரையின் பங்களா முன்வளைவில் ஒரு கொடி ரோஜா இருந்தது. காற்றில் ஒடிந்த கிளையைத் தோட்டக்காரர் வேலிக்கு வெளியே எறிந்திருந்தார். நீங்கள் கேட்டு வாங்கி வந்து, கட்டைகளாக நறுக்கி, மணலில் வைத்து வேர் பிடிக்கச் செய்தீர்கள். அது சின்ன ஜாதி, வாசல் நிலையைத் தாண்டிப் போகாது, இந்த வீட்டுக்கு அது போதும் என்று தோட்டக்காரர் சொல்லியிருந்தார். எப்படி வளர்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்காது. இந்த மலையில் செடியைப் பற்றி யாரையும் நீங்கள் எதுவும் கேட்டதில்லை.

இரண்டு கதவுக்கும் நடுவே நட்டீர்கள். அடுப்புச் சாம்பல் போட்டீர்கள். தண்டில் படிந்த பாசியை ஒரு மூங்கில் சிம்பால் சுரண்டினீர்கள். அடுத்த ஆவணிக்குள் அது ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. தேயிலைக்குக் கவாத்து தொடங்குகிற மாதம். ஞாயிற்றுக்கிழமை. கத்தியை எடுத்து வந்து, ஒவ்வொரு கொம்பாக, சாய்வாக, முழங்கால் உயரத்தில் வெட்டினீர்கள். முன்னங்கையை வைத்து ஒரு சுற்று. எங்கும் இடிக்கவில்லை. அத்தனை நேர்த்தியாக மட்டம் வெட்டிய கொடி ரோஜா வேறு எங்கும் இருந்திருக்காது.

கூடையோடு போன பெண்கள் நின்றார்கள். "ஏனுங் மேஸ்திரி, இதுல எப்பக் கொழுந்து கிள்ளறதுங்க?"

"உங்க கல்யாணத்துக்கு டீ வெக்கறப்ப" என்றீர்கள். கூட்டத்திலேயே வயதான அம்மாளைப் பார்த்து. அவர் சிரித்த சிரிப்பு ஃபேக்டரி வரைக்கும் கேட்டிருக்கும்.

சித்திரை வந்தது. பங்களா வளைவு முழுவதும் பூ. நம் வாசலில் எட்டுப் பச்சைக் கொம்புகள். இலை மட்டும். நல்ல இலை.

அண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உங்களுக்குக் கையெழுத்து மட்டும். நீங்கள் சொல்ல நான் எழுதுவேன். அவர் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார் படித்துக் காட்டுவார். பதிலும் அவரே எழுதுவார். கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் இரண்டு படித்த ஆண்கள். "இன்னும் பூக்கவில்லை. அடுத்த வருடம் பூக்கும்" என்று எழுதினோம்.

இனி சொல்லப்போவதை உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வைகாசியில் பெங்களூரிலிருந்து துரைக்கு விதைக் கேட்லாக் ஒன்று வந்தது. தபாலைப் பிரிப்பது என் வேலை. துரை பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார். அச்சடித்த எதையும் விடாதவன் நான். வீட்டுக்கு எடுத்து வந்தேன். அட்டையில் ஒரு சுவர், அதில் படர்ந்த ரோஜா. உள்ளே அரைப் பக்கம். கொடி ரோஜாவை வருடாவருடம் வெட்டக் கூடாது என்று இருந்தது. போன வருடத்துக் கொம்பில்தான் பூ வரும். கொம்பைப் பக்கவாட்டில் வளைத்துக் கட்டினால் அதன் முதுகிலிருந்து சிறு கிளைகள் கிளம்பும். பூ அவற்றின் நுனியில்.

படித்ததும் புரிந்துவிட்டது. நீங்கள் வெட்டிப் போட்டது அந்த வருடத்துப் பூவை.

எழுந்து நாலு அடி வைத்தால் உங்கள் கதவு. போகவில்லை.

பிறகு சொல்லலாம் என்று வைத்தேன். ஆவணிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. ஆவணி வந்தது. நீங்கள் கத்தியோடு குந்தினீர்கள். நான் வாசலில் நின்றேன், கையில் ஒரு புத்தகம். ஒவ்வொரு கொம்பாக விழுந்தது. நான் பக்கத்தைத் திருப்பினேன். என்ன புத்தகம் என்று நினைவில்லை.

காரணம் சிறியது. பொழுது சாய்ந்தால் உங்கள் அடுப்பு. எனக்குச் சமைக்கத் தெரியாது. முதல் வாரமே என் பானையைப் பார்த்துவிட்டு, "பி.ஏ. படிப்புல களி கிண்டச் சொல்லித் தர மாட்டாங்களா?" என்று கேட்டு என்னை உங்கள் பக்கம் கூட்டிப் போனீர்கள். அன்றிலிருந்து தினமும் ராகிக் களி, கொள்ளுச் சாறு. ஆபீஸில் யாரும் என்னோடு பேச மாட்டார்கள். பெரிய கிளார்க்குக்கு என் படிப்பு பிடிக்கவில்லை. நாள் முழுவதும் பேசாத வாய் உங்கள் அடுப்பின் முன்னால்தான் திறக்கும். நான் எழுதும் கவிதைகளைக்கூட உங்களுக்கு வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்பீர்கள்.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது."

"அப்பச் சரி."

அதைவிட நல்ல விமர்சனம் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை.

பூத்தால் அண்ணி வருவார். அண்ணி வந்தால் அந்த அடுப்பு எனக்கு இல்லை. அவ்வளவுதான். இதை அப்போது இப்படி வாக்கியமாக நினைக்கவில்லை. நினைக்காமல் இருப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். எனக்கு அது இருந்தது.

அடுத்த சித்திரையிலும் பச்சைக் கொம்புகள். எழுதினோம். பதில் ஒரே வரி, வாத்தியாரின் அழகான கையெழுத்தில்: பூத்தால் எழுதவும், இல்லையென்றால் எழுத வேண்டாம்.

அதன் பிறகு நீங்கள் அடுப்பின் முன்னால் பேசுவதை விட்டுவிட்டீர்கள். எனக்குப் பரிமாறிவிட்டு, உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் செடியின் முன்னால் உட்காருவீர்கள். எதற்காக மறைத்தேனோ அதுவும் போயிற்று. கடைசியில் நான் வாயைத் திறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நல்ல மனதால் மட்டும் சொன்னேன் என்று எழுத முடியவில்லை.

மூன்றாவது ஆவணி. வெலிங்டன் பட்டாள முகாமிலிருந்து காலை பியூகிள் கேட்டு ஓய்ந்திருந்தது. நீங்கள் கத்தியோடு வந்தீர்கள்.

"அண்ணா, வெட்டாதீங்க."

"ஏனுங்க?"

கேட்லாக்கை எடுத்து வந்து காட்டினேன். அந்த அரைப் பக்கத்தைத் தமிழில் சொன்னேன். நீங்கள் எழுத்தைப் பார்க்கவில்லை. அட்டையைத் திருப்பி, படத்தை நெடுநேரம் பார்த்தீர்கள்.

"இத எப்பப் படிச்சீங்க?"

"நேத்துத்தான்."

கத்தியை உறையில் போட்டீர்கள். "அப்ப இத்தன நாளு பூவத்தான் வெட்டிட்டு இருந்தனுங்களா?"

நான் கேட்லாக்கைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

மூங்கிலைப் பிளந்து வந்தீர்கள். கயிற்றை ஊற வைத்தீர்கள். கொம்புகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பிடித்தேன், நீங்கள் கட்டினீர்கள். ஒரு கொம்பு விறைப்பாக நிமிர்ந்துகொண்டே இருந்தது. "கெளார்க்கு ஜாதி. கட்டிப் போட்டாத்தான் வேலை பாக்கும்" என்றீர்கள். சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச்சு இல்லை. தொண்டை சரியில்லை என்று சைகை காட்டினீர்கள். சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். குடித்தீர்கள்.

சித்திரையில் ஒரு நாள் வேலை நேரத்தில் ஆபீஸ் ஜன்னலில் உங்கள் முகம். மேஸ்திரிகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. பெரிய கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் அவரைப் பார்க்கவில்லை.

"பி.ஏ., ஒரு காயிதம் எழுதோணுமுங்க. இப்பவே."

"சொல்லுங்க."

"பூத்துருச்சு. வா."

"வேற?"

"வேற என்னுங்க இருக்குது?"

வைகாசியில் மலை ரயிலில் அண்ணி வந்தார். தலையில் ஒரு சோள மூட்டை, இடுப்பில் கூடை, கூடையில் ஒரு கோழி. வாசலில் நின்று பார்த்தார். ரூபாய் அகலம்கூட இல்லாத பூக்கள், கொத்துக் கொத்தாக, வெளிறிய சிவப்பு. மணமும் அதிகம் இல்லை.

"இத்துணூண்டு பூவுக்கா மூணு வருசம்?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கோழியைப் பார்த்தேன்.

அன்று மாலை நான் என் பக்கம் பானையை வைத்து அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல். "அந்தத் தம்பி தனியா உங்கறாரா? கூப்புடுங்க. மனுசன் தனியா உண்டா சோறு உள்ள எறங்குமா?" பிறகு நீங்கள் சுவரில் தட்டினீர்கள். அந்த ஒரு நாளுக்குப் பயந்துதான் ஒரு வருடம் பேசாமல் இருந்தேன். அந்த நாள் வந்தபோது எனக்கும் ஒரு தட்டு இருந்தது. கொள்ளுச் சாறு முன்னைவிட நன்றாக இருந்தது.

உங்களுக்கும் அண்ணிக்கும் கிடைத்தது பதின்மூன்று மாதம். ஆனி மாதக் காற்றில் ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் நிழல் மரத்தின் கிளை முறிந்தது. நீங்கள் கீழே நின்றீர்கள். குன்னூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் வழியில் மூச்சு நின்றுவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த உத்தரவை டைப் அடித்தது நான்.

அண்ணி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். நான் சாக்கின் வாயை விரித்துப் பிடித்திருந்தேன். அப்போது சொன்னேன். கேட்லாக் வந்த மாதம், நான் படித்தது, அந்த ஆவணியில் வாயை மூடிக்கொண்டு நின்றது. "ஒரு வருஷம் முன்னாடியே நீங்க வந்திருக்கலாம் அண்ணி. என்னாலதான் வர முடியல."

அவர் செம்பை முந்தானையால் துடைத்து உள்ளே போட்டார்.

"தெரியுமுங்க. அவரு சொன்னாரு."

"அண்ணாவுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பொஸ்தகம் ஒரு வருசமா உங்க அலமாரில கெடந்துச்சாமா. அட்டைல பூப்படம் போட்டது. உங்க பக்கம் வர்றப்பெல்லாம் பாத்துருக்கறாரு. நேத்துத்தான் படிச்சேன்னு சொன்னீங்களாமா. அப்பவே புரிஞ்சுபோச்சுன்னாரு."

"கோபப்படலையா?"

"படாம? ரெண்டு நாளு பேசாம இருந்தாருல்லொ. தொண்டை சரியில்லைன்னு. நீங்க சுக்குத் தண்ணி வேற வெச்சுக் குடுத்தீங்களாமா. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னுங்க. பி.ஏ. தனியா உங்கறதுக்குப் பயந்துட்டாப்பல, கழுத போகட்டும்னு உட்டுட்டாரு."

ஒரு குண்டான், இரண்டு தட்டு, அகப்பை. சாக்கு கனத்தது.

"அவரு உட்டுட்டாருங்க தம்பி" என்றார். "நான் உடுலீங்க."

குழம்பில் உப்பு இல்லை என்று சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு சாக்கின் வாயைக் கட்டச் சொன்னார். கட்டினேன். ஸ்டேஷன் வரை தூக்கிப் போனேன். வண்டி நகரும்போது, "உங்க அடுப்புல களி வெச்சுருக்கறேன். ஆறறதுக்குள்ள போய் உண்டுபோடுங்க" என்றார்.

போய் உண்டேன்.

மூன்று வருடம் ஆகிவிட்டது. உங்கள் சிரிப்பை நினைத்தால் எனக்கு மனது லேசாகிறது. அதனால் அதை அடிக்கடி நினைப்பதில்லை. அண்ணி சொன்னதுதான் கூடவே இருக்கிறது. அவர் கணக்கில் அது சரி. பூவையும் மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கலாமே என்று அவரைக் கேட்கலாம். கேட்க வேண்டியவன் நான் இல்லை.

ஒரு மாற்றம் மட்டும் உண்டு. தெரிந்ததை அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். இதனால் எனக்கு நல்ல பெயர் இல்லை. பெரிய கிளார்க்கின் மகனுக்குக் கண் மங்குகிறது என்று அவரிடம் சொன்னேன். அவனுக்குக் கண்ணாடி வாங்கிவிட்டு என்னோடு பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார்.

இன்று காலை கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு உள்ளே அந்தச் சின்னப் பெண் இருமினாள். முள் சத்தத்தில் விழித்த இருமல் இல்லை. நாலு நாளாகச் சுவர் வழியாகக் கேட்கிறேன். இன்றுதான் மூச்சை இழுக்கும்போது கூவியது. கக்குவான் இருமல். கதவைத் தட்டினேன். இது சளி இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றேன்.

"எங்க புள்ள இருமறதக் காது குடுத்துக் கேக்கறதுதான் உங்களுக்கு வேலைங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

"ஆமாங்க" என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் மனைவி ஏதோ சொன்னார், அவர் கத்தினார். நான் நகராமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. பெண்ணைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், குன்னூர்ப் பாதையில் இறங்கிப் போனார். அவர் வளைவு திரும்பி மறையும் வரை பார்த்துவிட்டு மிச்சக் கிளையைக் கட்டினேன்.